தொண்ணூத்தெட்டாம் நாள் ரீடிங்

இல்லீங்க சார், மெத்தையில பள்ளம்னா ஒரு பள்ளமில்ல. ரெண்டு. எடது பக்கம் இருபத்தெட்டு மில்லிமீட்டர், வலது பக்கம் முப்பத்தி நாலு. உங்க வாரண்டி அட்டையில என்ன போட்டிருக்கீங்க? இருபத்தஞ்சுக்கு மேல எறங்குனா மாத்திக் குடுப்போம்னு. போட்டிருக்கீங்கல்ல? நான் புதுசா ஒன்னும் சொல்லல, நீங்க எழுதுனத உங்களுக்கே படிச்சுக் காட்டறேன், அவ்வளவுதான்... ஒக்காருங்க, ஒக்காருங்க. ரூம்பு எங்கயும் ஓடிப் போயிராது. பெங்களூர்ல இருந்து பைக்லயா வந்தீங்க? அத்திப்பள்ளி டிராபிக்ல எவ்வளவு நேரம் நின்னீங்க... முக்கா மணி நேரமா. கொறைச்சல்தான்.

உங்க ஆபீசுக்கு நாலு தடவ போன் போட்டேன் சார். மொத தடவ ஒரு பொண்ணு இந்தியில பேசுச்சு. எனக்கு வராது, கன்னடத்துல சொன்னேன். அடுத்த தடவ எடுத்தவருக்குத் தெலுங்குதான் வந்துச்சு, தெலுங்குல சொன்னேன். எந்த பாஷையில சொன்னாலும் பள்ளம் அதே ஆழந்தான். கடைசியில போட்டோ அனுப்புங்கன்னாங்க. அனுப்பல. அதுக்கு ஒரு காரணம் இருக்குது, அப்பறம் சொல்றேன். உங்க கணக்குக்கு நூறு நாளு ட்ரையல், இன்னைக்கி தொண்ணூத்தெட்டு. இன்னும் ரெண்டு நாளு. அதுக்குள்ள இந்த மெத்தைக்கி ஒரு முடிவு தெரியலன்னா என் சம்சாரம் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டா. இத நான் போன்ல சொல்ல முடியுங்களா? ஒன்ன அமுத்து, ரெண்ட அமுத்துங்கறாங்க. சம்சாரம் போயிட்டா எத அமுத்தறது?

இருங்க, கை கழுவிட்டு வாங்க, சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். ராகிக் களி, அவரைக்கொட்டைக் கொழம்பு. நானே கிண்டுனது. முப்பத்தேழு நாளா நானேதான் கிண்டறேன். உங்க பக்கம் முத்தைம்பாங்க... அதேதான், ஆனா இதுல கட்டி இருக்காது. கட்டி இருக்குதான்னு பாத்துட்டுத்தான் எறக்குனேன்.

உங்க பேப்பர்ல ஜாஸ்லின்னு இருக்கும். அது எம் பொண்ணு, எலக்ட்ரானிக் சிட்டியில வேலை செய்யுது. அவ அம்மாவுக்குன்னு இத அனுப்பிச்சுது. நான் இன்னாசிமுத்து. சிப்காட்ல, பிரேக்குக்கு காஸ்டிங் ஊத்தற கம்பெனியில குவாலிட்டி. இன்கமிங் இன்ஸ்பெக்ஷன். வெளிய இருந்து உள்ள வர்ற சரக்கு எதுவானாலும் நான் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் லைனுக்குப் போகும். இருபத்தெட்டு வருசம். பகல்ல ஹெல்பரா பொட்டி தூக்கிட்டு, ராத்திரி காலேஜில பெஞ்சில ஒக்காந்து வாங்குன டிப்ளமா சார். சும்மா வந்த கையெழுத்தில்ல.

எங்க கம்பெனியில ஒரு சட்டம். சரக்கு வந்த ஒடனே செவப்பு அட்டை. ‘ஹோல்டு’. நான் அத அவுக்கற வரைக்கும் ஒருத்தன் தொடக்கூடாது. கந்தன்னு ஒரு ஷிப்டு இன்சார்ஜு. அவசரம்னு ஒரு தடவ செவப்பு அட்டை தொங்கறப்பவே எடுத்து லைன்ல உட்டுட்டான். நாலாயிரம் பீஸு. அத்தனையும் திரும்பி வந்துச்சு. அதுல இருந்து நான் சோதிக்காத எதையும் யாரையும் தொட உடறதில்ல. வீட்லயும் அப்படித்தான். குக்கர் வந்தாலும் சரி, கொடை வந்தாலும் சரி. கொடைக்கி மழை வர்றதுக்கு ஒரு மாசமாச்சு, அது வேற கதை.

மெத்தை வந்த அன்னைக்கி என்ன ஆச்சுன்னா... உருட்டி, காத்தெல்லாம் உறிஞ்சி, பாய் மாதிரி கட்டி அனுப்பிச்சிருந்தீங்க. கவர அறுத்ததும் அது ஒரு பெருமூச்சு உட்டுச்சு பாருங்க. வேலை முடிஞ்சி வந்த ஆளு மாதிரி. மேரிராணி, என் சம்சாரம், பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தா. அவளுக்கு இடுப்புல டிஸ்க்கு பிசகியிருக்குது. கார்மென்ட்ஸ்ல செக்கிங் டேபிளு, எட்டு மணி நேரம் நின்ன வாக்குல. அவளும் இன்ஸ்பெக்ஷன்தான், ஆனா சட்டை. டாக்டரு ஒரே வார்த்தைதான் சொன்னாரு, நல்ல மெத்தையா பாத்துப் படும்மான்னு. அது விரிஞ்சி முடியறதுக்குள்ள இவ இடுப்புல கைய வெச்சுக்கிட்டு, அப்படியே சாயப் போனா. நான், ‘ராணி, இரு’ன்னேன்.

அங்கதான் சார் எல்லாம் ஆரம்பிச்சுது.

இல்லீங்க, நான் எதுக்கு இருன்னேன்னா, ஒரு மெத்தையில ரெண்டு சங்கதி இருக்குது. சொகுசு ஒன்னு, தாங்கறது ஒன்னு. உங்களுக்கு நான் சொல்லணுமா. இதுல மேல மெதுமெதுன்னு ஒரு அடுக்கு போட்டிருக்கீங்க, கைய வெச்சா உள்ள போகுது, கன்னுக்குட்டி நாக்கு மாதிரி. அது சொகுசு. கீழ கெட்டியா ஒன்னு போட்டிருக்கீங்க, அதுதான் தாங்கறது. கடையில போயி அஞ்சு நிமிசம் படுத்துட்டு எல்லாரும் மேல இருக்கறதுக்கு மயங்கி வாங்கிட்டு வந்துடறாங்க. இடுப்பு யாரு மேல நிக்குது? கீழ இருக்கறது மேல. சொகுசு ஏமாத்தும் சார். அதனால செக் ஷீட்டு போட்டேன். பதினோரு கட்டம். நீளம், அகலம், உசரம், நாலு மூலை, தையலு, வாசனை, எல்லாம் பாத்தேன். வாசனை கொஞ்சம் பெயிண்டு கடை மாதிரி இருந்துச்சு, ரெண்டு நாள்ல போயிருச்சு. பத்தாவது கட்டம் தாங்கறது. பதினொன்னாவது சொகுசு. சொகுச அளக்க கேஜு கெடையாது. அதுல ஒரு கோடு போட்டு உட்டுட்டேன்.

கொழம்பு ஊத்திக்குங்க.

இப்ப தாங்கறதுக்கு வருவோம். சரிங்க, படுத்துத்தானே பாக்கணும்னு நீங்க சொல்லுவீங்க. ராணியும் அதத்தான் சொன்னா. ஆனா மனுசன் ஒரு லோடா சார்? ஒரு நாளு பொரண்டு படுப்பான், ஒரு நாளு எந்திரிச்சு தண்ணி குடிப்பான், ஒரு நாளு கல்யாணத்துல பிரியாணி தின்னுட்டு வந்து படுப்பான். அத வெச்சி என்ன ரீடிங் எடுக்க முடியும்? லோடுன்னா அசையக்கூடாது. எங்க கம்பெனியில புது ரேக்கு வந்தா டெட் வெயிட்டு வெச்சிதான் பாப்போம். அதே மாதிரி... பர்கூர்ல நல்லுசாமின்னு ஒரு ஆளு, கிரானைட்டு பாலிஷு போடறாரு, என்கூட ராத்திரி காலேஜில படிச்சவரு. அவர்கிட்ட சொல்லி...

ஏன் சார், கை நின்னு போச்சு? சாப்பிடுங்க. கல்லுதான். கல்லுக்கு என்ன.

சும்மா ஒரே கல்லா வெக்கல. மனுசன் ஒடம்பு ஒரே சீராவா இருக்குது? தோளு, இடுப்பு, காலு, மூணு துண்டு. ஆளுக்கு மூணு, மொத்தம் ஆறு. ஓரமெல்லாம் உருட்டி, பாலிஷு போட்டு, மெத்தையில கீறல் உழக்கூடாதுன்னு வெள்ளத்துணியில சுத்தி. நல்லுசாமி அளவ எழுதிக்கிட்டு, ‘யாருக்குப்பா, ஊர்ல யாராச்சும் தவறிட்டாங்களா’ன்னு கேட்டாரு. மெத்தைக்குன்னேன். அளவ இன்னொரு தடவ படிச்சாரு. அப்பறம் நாலு ஆளுங்கள போட்டு, டாட்டா ஏஸ்ல ஏத்தி அனுப்பிச்சாரு. அவங்க வந்து எறக்கி, நான் சொன்ன எடத்துல வெச்சிட்டு, மெத்தைய ஒரு தடவ பாத்தாங்க, என்ன ஒரு தடவ பாத்தாங்க, போயிட்டாங்க.

அடுத்த நாளு பக்கத்து வீட்டு நஞ்சம்மா முருங்கக்கீரை குடுக்க வந்தது, ஜன்னல் வழியா பாத்துருச்சு. கட்டில்ல வெள்ளத்துணி சுத்தி ரெண்டு பேரு நீட்டி படுத்திருக்கற மாதிரி. கீரைய அங்கயே போட்டுட்டு ஓடிப் போச்சு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் பங்குச் சாமியாரு என்ன ஓரமா கூப்பிட்டு, வீட்ல எல்லாரும் சொகமான்னு கேட்டாரு. சொகந்தான் சாமின்னேன். மேரிராணியக் காட்டுனேன். அவ பின்னாடியே இடுப்பப் புடிச்சிக்கிட்டு வந்துக்கிட்டிருந்தா. போட்டோ ஏன் அனுப்பலன்னு இப்ப புரியுதுங்களா?

நாங்க எங்க படுத்தோம்னா... கீழதான். பாய் விரிச்சி. மெத்தை ஹோல்டுல இருக்கறப்ப அதுல எப்படி படுக்கறது? அப்பறம் எனக்கும் கந்தனுக்கும் என்ன வித்தியாசம்? ராணிக்கு அது புரியல. ராத்திரி படுத்துக்கிட்டு மேல பாத்துக்கிட்டே இருப்பா. ‘கல்லு மெத்தையில, நான் தரையில. வாழ்ந்தா கல்லா வாழணும்’னு சொல்லுவா. ‘நான் சட்டை செக் பண்றப்ப உள்ளார கல்ல வெச்சா பாக்கறேன்’னு கேட்டா. சட்டையும் மெத்தையும் ஒன்னாடின்னு நான் வெளக்கமா சொன்னேன். அப்பவே தூங்கிட்டா. இல்ல, தூங்குன மாதிரி இருந்தா.

அதுல இன்னொன்னு ஆயிப்போச்சு. கல்லு மேல நல்லுசாமியோட ஆளு மஞ்சப் பெயிண்ட்ல எழுதி அனுப்பிச்சிட்டான். எது எந்தப் பக்கம்னு மாறிடக்கூடாதில்ல. ‘இ.மு. இடுப்பு 34.’ ‘மே.ரா. இடுப்பு 38.’ துணி லேசா நகந்திருந்தப்ப ராணி அதப் படிச்சிட்டா. என் எடை எழுவத்தி ரெண்டு, அத அப்படியே வெச்சேன். அவ எடை அறுவத்தி ஒன்னு. எழுவத்தாறுக்கு கல்லு சொல்லிட்டேன். சேப்டி பேக்டரு சார். ஒன்னேகால் மடங்கு போடணும், அது படிச்ச பாடம். அவ இடுப்புதானே வலிக்குது, அங்கதான மெத்தை கூடுதலா தாங்கணும்? அவ நல்லதுக்குத்தான் போட்டேன். ‘அப்ப உங்களுக்கு ஏன் போடல’ன்னு கேட்டா. என் எடை கம்பெனி தராசுல பாத்தது, சந்தேகத்துக்கு எடமில்லன்னேன். மூணு நாளு பேசல. ஏன்னு இன்னைக்கி வரைக்கும் தெளிவா சொல்லல.

ஆனா போனது அதுக்கில்ல சார். அத சொல்லிடறேன்... இன்னொரு உருண்டை வெக்கட்டுங்களா? சின்னதா. 

தெனம் காலையில ஆறு மணிக்கு ரீடிங்கு. கல்லுக்கு மேல டயல் கேஜ வெச்சி, எவ்வளவு எறங்கியிருக்குதுன்னு. ஆறுன்னா ஆறு. நேரம் மாறுனா சூடு மாறும், சூடு மாறுனா மெத்தையோட ஃபோம் மாறும். அறுவத்தி ஒன்னாம் நாளு, அஞ்சு அம்பத்தி எட்டு இருக்கும், ராணி தரையில இருந்து எந்திரிக்கறப்ப இடுப்பு புடிச்சிக்கிச்சு. பாதி எந்திரிச்சவ அப்படியே நின்னுட்டா. நிக்கவும் முடியல, ஒக்காரவும் முடியல. ஒரு கைய கட்டில் கால்ல புடிச்சிக்கிட்டு, ‘ஏங்க, கொஞ்சம் புடிங்க’ன்னா. 

நான்... ஒரே நிமிசம்னேன். ரீடிங் எடுத்துட்டு வந்தர்றேன்னேன். 

ரெண்டு நிமிசந்தான் சார். ஆறு கல்லு, ஆறு ரீடிங்கு. அப்பறம் புடிச்சி தூக்குனேன், நல்லாத்தான் தூக்குனேன். தைலம் தேச்சி உட்டேன். அவ துணிய மடிச்சி பையில வெச்சா. சாயங்காலம் கெலமங்கலம் பஸ்ஸு ஏறிட்டா. அங்க அவ தங்கச்சி பெபா இருக்குது. அங்க இருந்தே வேலைக்கிப் போறா வர்றா. பஞ்சு மெத்தையாம். போன்ல சொல்றா, ‘கட்டி கட்டியாத்தான் இருக்குது, ஆனா படுக்க உடறாங்க’ன்னு.

முந்தாநேத்து அவளே கூப்புட்டா. ‘நூறு நாளு முடியறதுக்குள்ள அது மெத்தையா கல்லறையான்னு முடிவு பண்ணுங்க. இல்லாட்டி நான் இங்கயே இருந்துக்கறேன்.’ அவ்வளவுதான், வெச்சிட்டா. அந்த அறுவத்தி ஒன்னாம் நாளு ரீடிங்க பாருங்க, இந்தா இருக்குது ஷீட்டு. முந்துன நாளு ரீடிங்கேதான். ஒரு பாயிண்டு மாறல. அதுக்கு முன்னாடி பத்து நாளாவும் மாறல. எடுக்காமயே இருந்திருக்கலாம்.

சரி, கை கழுவிட்டு வாங்க. ரூம்ப தொறக்கறேன்.

...

என்னா சார், வாசல்லயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க. மெத்தை ஓரத்துல தொங்கறது அந்தச் செவப்பு ஹோல்டு அட்டைதான். பக்கத்துல வாங்க. இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அவ.

என்னா, இது கூடாதுன்னு உங்க வாரண்டி அட்டையில இருக்குதுங்களா? எங்க இருக்குது, காட்டுங்க. நானும் நூறு தடவ படிச்சிருக்கேன். மேல ஏறி குதிக்கக்கூடாதுன்னு போட்டிருக்கீங்க. தண்ணி ஊத்தக்கூடாது. மடிக்கக்கூடாது. கல்லு வெக்கக்கூடாதுன்னு எங்க போட்டிருக்கீங்க? யாரும் வெக்க மாட்டாங்கன்னு போடலீங்களா. அப்படி போடாம உட்டதுலதான் சார் கம்பெனிங்க மாட்டிக்கும்.

என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க.

லோடு இல்லாம அளக்கணுமா.

...மேல ஒன்னும் இல்லாதப்ப, சும்மா கெடக்கறப்ப எறங்கி நிக்குதே, அதுதான் பள்ளம். லோடு இருக்கறப்ப எறங்கறது எறக்கம். அது எறங்கித்தான் ஆகணும், எறங்கலன்னா அது மெத்தையில்ல, பலகை. அப்படித்தானே சொல்ல வர்றீங்க?

இது எனக்குத் தெரியாதுங்களா. ஸ்ப்ரிங்கு வந்தா இத நானே நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். அமுத்தி அள, உட்டுட்டு அள, ரெண்டையும் எழுதுன்னு. இருபத்தெட்டு வருசம். உட்டுட்டு அளக்கலையே சார் நானு. எப்படி உடறது? ஏத்தி வெச்ச நாலு பேரும் பர்கூருக்குப் போயிட்டாங்க. ராணிய வெச்சா தூக்க முடியும்? ஒத்தையா நகத்துனா துணி கிழிஞ்சி மெத்தை கீறிடும். அப்படியே நாளு ஓடிப்போச்சு. தெனம் எழுதிக்கிட்டே இருந்தேன், எழுதறப்ப சரியா இருக்கற மாதிரியே இருந்துச்சு.

சார், தப்பா நெனைக்காதீங்க. சாப்பிட்டு வந்திருக்கீங்க... ஒரு கை குடுக்கறீங்களா? மொதல்ல காலு. பதினாறுதான். அந்தக் கடைசிய புடிங்க. ம். மெதுவா. செவுத்தோரமா... ஆங். அடுத்தது தோளு. இது இருவத்தி ரெண்டு. முட்டிய மடக்கித் தூக்குங்க சார், முதுக வளைக்காதீங்க, எங்க கம்பெனி செவுத்துல படமே போட்டிருக்கோம். இப்ப என் இடுப்பு... வெச்சாச்சு. மூச்சு வாங்கிக்குங்க.

அவளோட காலும் தோளும் எறக்கியாச்சு, இது அவ இடுப்பு. முப்பத்தெட்டு. நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒன்னு, ரெண்டு... தம் கட்டுங்க... அவ்வளவுதான். வெச்சாச்சு.

நெசமாவே கனமாத்தான் இருக்குது. பதினஞ்சு கிலோ மொத்தமா கூடத்தான் சொல்லிட்டேன்.

நீங்க மெத்தை ஓரமா ஒக்காருங்க, உங்க பேப்பர எழுதுங்க. செவப்பு அட்டை கெடந்தா கெடக்கட்டும், ஒக்காருங்க. நான் அளக்கறேன். கட்டைய குறுக்கால வெச்சி, மொதல்ல வலது பக்கம்... இருங்க. முப்பத்தி ஒன்னு. இருவத்தாறு. சார், பாருங்க, இது எந்திரிக்குது. இருவது... பதினாலு. தூங்கி எந்திரிக்கற மாதிரி மெதுவா எந்திரிக்குது பாருங்க. ஒம்போது. மூணு மாசம் ஒரு ஆளு மேல ஒக்காந்திருந்தா நானெல்லாம் எந்திரிப்பனா. அஞ்சு... மூணு. மூணுல நின்னுருச்சு. எடது பக்கம் ரெண்டு. உங்க கணக்கு இருவத்தஞ்சு.

அப்ப மெத்தையில ஒன்னும் இல்ல.

மொத நாள்லயே ஒன்னும் இல்ல. அன்னைக்கே அவ படுத்திருக்கலாம்.

சாஞ்சுக்குங்க சார், பரவால்ல, நல்லா சாஞ்சு எழுதுங்க. நான் ஒரு போன் பேசிக்கறேன்.

...ராணி. நாந்தான். கம்பெனி சாரு வந்திருக்காரு. பாஸாயிடுச்சு. கல்லெல்லாம் எறக்கியாச்சு. மெத்தைதான், கல்லறையில்ல... தப்பு மெத்தையில இல்ல. அளந்தவன்கிட்டதான்... ஆமா, நாந்தான் சொல்றேன். அன்னைக்கி காலையில உன்னத்தான் மொதல்ல புடிச்சிருக்கணும்... ம். ம். கல்லு? கல்லு தரையில, செவுத்தோரமா... நானா? நான் எங்க படுக்கணும்னா... ஆங். ...சரி. சரி ராணி. எத்தன நாளு? ...நூறா? ...சரி.

வெச்சிட்டா. ரெண்டே முக்கா பஸ்ஸுக்கு வர்றாளாம் சார். வர்றா. ஆனா மெத்தையில அவ மட்டுந்தான். நான் கல்லுகூட தரையில. நூறு நாளு ட்ரையலாம். அந்த செவப்பு அட்டைய அவுத்து என் சட்டையில மாட்டிக்கணுமாம், அவ பாத்து கையெழுத்துப் போட்டாத்தான் அவுக்கணுமாம். சட்டமுன்னா எல்லாருக்கும் சட்டந்தானே. சார், அந்த அட்டைய கொஞ்சம் எடுங்க, உங்க தோளுக்கு கீழ மாட்டிக்கிச்சு...

சார்?

...தூங்கிட்டாரு.

களி வேலை செஞ்சிருச்சு. இல்ல... களியோ மெத்தையோ. பேனா கையிலயே இருக்குது. ஒரு ஆளு இதுல தூங்கறத இப்பத்தான் பாக்கறேன், தொண்ணூத்தெட்டு நாள்ல. சாஞ்சி நாலு நிமிசம்கூட ஆகல. பதினொன்னாவது கட்டம் காலியாத்தான் இருக்குது. கோட்ட அழிச்சிட்டு எழுதிரலாம், நாலு நிமிசம்னு...

வேணாம். அத அவ வந்து எழுதட்டும்.

அட்டைய நானே மெதுவா உருவிக்கறேன், நீங்க எந்திரிக்காதீங்க. இந்தா, மாட்டிக்கிட்டேன். ஃபேன ஒரு புள்ளி கொறச்சி வெக்கறேன். தூங்குங்க சார், ரெண்டே முக்கா பஸ்ஸு வர்ற வரைக்கும் தூங்குங்க. ஒன்னே ஒன்னு... கொஞ்சம் எடது பக்கமா பொரண்டு படுங்க. வலது பக்கம் அவளுது.